சீக்காளிப் பழம்

மாதுளையைப் பிளக்கும்போது எழும் 'நறுக்' என்ற சத்தம் கேட்டால், ஐம்பதைத் தாண்டிய இந்த வயதிலும் என் கை தானாகப் போய் நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது. பேரிக்காயும் பிளம்ஸும் காலடியில் விழுந்து கிடந்த எங்கள் கொடைக்கானல் மேல்மலையில், பழனியிலிருந்து பஸ் ஏறி வரவேண்டிய மாதுளை மட்டும் 'சீக்காளிப் பழம்'. அது ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், பூண்டுக் காட்டில் களை எடுப்பவர்கள்கூடக் கையைக் கழுவிக்கொண்டு, "யாருக்கு மேலுக்கு முடியல?" என்று விசாரிக்க வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்படித்தான் வாங்கினார்கள். பழம் தீருமுன் அவர் தீர்ந்துபோனார்.

ஆகவே, சின்ன வயதில் ஒருமுறை காய்ச்சல் விட்டும் வெளிறிக் கிடந்த எனக்காக அப்பா ஒரு பை மாதுளையோடு வந்து இறங்கியபோது, என் கதை முடிந்தது என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். பார்க்க வந்த அத்தை "நல்லாச் சாப்பிடுய்யா" என்றதில், 'கடைசியாக' என்ற சொல் எனக்கு மட்டும் கேட்டது. தம்பியைக் கூப்பிட்டு, பம்பரத்தையும் கோலிகளையும் ஒப்படைத்து, நான் சாகப்போவதைக் கண்ணீரோடு அறிவித்தேன். அவன் கோலிகளை டவுசரில் போட்டுக்கொண்டு, பழத்தையே பார்த்தபடி சொன்னான்:

"அண்ணே, அதுல பாதி எனக்குக் குடு. நானும் ஒன்கூடவே செத்துப்போறேன்."

பக்கத்தில் இருந்த அம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மாதுளை முத்துகள் சிதறின. "சாகப்போறவனுக்கு எவளாச்சும் இம்புட்டு நேரம் உக்காந்து பழம் உரிப்பாளா? ரத்தம் ஊறணும்டா, வெரசாத் தின்னு" என்றவள், தம்பிக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். பழத்தோலைக்கூட எறியாமல், வயிற்றுப்போக்குக்கு ஆகுமென்று காயப்போட்டாள். பழம் தீர்ந்தது; நான் தீரவில்லை.

போன மாதம் கொடைக்கானலில் ஒரு டாக்டர் எனக்கு ரத்தம் குறைவு என்று ஆரம்பித்ததும், "மாதுளை சாப்பிடணுமா சார்?" என்று முந்திக்கொண்டு கேட்டேன். தாராளமாகச் சாப்பிடலாம், வைட்டமின் சி உண்டு, நார்ச்சத்து உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இரும்புச்சத்து கிடையாது, முருங்கைக்கீரையையும் மாத்திரையையும் விடாதீர்கள் என்றார். அம்மா இல்லாத தைரியத்தில் சொல்லியிருப்பார்.

ஏரிக்கரையில் இப்போது மாதுளை ஜூஸ் குடித்தபடியே சைக்கிள் மிதிக்கிறார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் இரண்டு கிலோ மாதுளையை வெளியே தெரியும்படி ஏந்திக்கொண்டு கடைவீதி முழுக்க நடந்தேன். தெரிந்தவர்கள் முன்னால் வேண்டுமென்றே நின்றும் பார்த்தேன். எல்லோரும் வணக்கம் வைத்தார்கள். யாருக்கு முடியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.