சோதனைச் சாவடியில் ஒரு சொல் நோட்டு

எங்கள் பசிபிக் தீவில் ரக்கிரக்கியிலிருந்து தவுவா போகும் பஸ்ஸை ராணுவம் மறிக்கிறது. துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைப் பிடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர்களுக்கு எங்கள் பைகளைக் கண்டால் பயம்.

என் பக்கத்தில் கோவிந்தசாமி அண்ணன், கரும்பு விவசாயி. ஐம்பது வயதுக்கு மேல் இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிறார். பாஸானால்தான் நியூசிலாந்தில் குடியேற முடியும். சிப்பாய் அவருடைய நோட்டைப் பிடுங்கிப் புரட்டுகிறான். ஒவ்வொரு சொல்லுக்கும் இங்கிலீஷிலேயே நாலைந்து அர்த்தம். ஸ்டெம்: செடியின் தண்டு, தடுத்து நிறுத்துவது. ரன்: ஓடுவது, தண்ணீர் பாய்வது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது.

சிப்பாயின் விரல் கடைசி வரியில் நிற்கிறது.

"தேர்தலா? எதுக்கு இதெல்லாம் எழுதி வச்சிருக்கே?"

"பரீட்சையில கேப்பாங்க சார். இங்க நடத்தச் சொல்லல" என்கிறார் அண்ணன், அவனுக்குப் புரியும் இங்கிலீஷில், மிகப் பணிவாக.

சிப்பாய் பின்னால் திரும்பி அதிகாரியைப் பார்க்கிறான். பிறகு குரலைத் தாழ்த்துகிறான்.

"ரொம்பக் கஷ்டமா, அந்தப் பரீட்சை?"

பதிலுக்குக் காத்திராமல் சட்டைப்பையிலிருந்து பேனாவையும் மடித்த தாள்களையும் எடுத்து, பஸ் படியிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் காப்பி அடிக்கிறான். வெயிலில் பஸ் முழுக்கக் காத்திருக்கிறது. முடித்ததும் நோட்டை இரண்டு கையாலும் நீட்டி, "வினாகா" என்று தன் மொழியில் நன்றி சொல்கிறான்.

பஸ் கிளம்பியதும் அண்ணன் என்னிடம் தமிழில் சொல்கிறார்: "அவனும் நியூசிலாந்துக்கு வரட்டும் தம்பி, வேணாங்கல. அங்கயும் வந்து பஸ்ஸ நிறுத்தாம இருந்தா சரி."