பூத்து முடிந்த பிறகு வந்த பத்திரிகை

பயணப் பத்திரிகை நடத்துகிறவன் ஊர் ஊராகச் சுற்றுவான் என்று நினைப்பீர்கள். நான் சுற்றியதெல்லாம் ஏற்காட்டுக்கும் சேலத்து அச்சகத்துக்கும் நடுவே இருக்கிற இருபது கொண்டை ஊசி வளைவுகளைத்தான். எண்பதுகளில் ‘மலைவழி’ என்று நான்கு பக்க மாத இதழ் ஒன்றை நடத்தினேன். சேர்வராயன் மலையில் எங்கே போகலாம், எப்படிப் போகலாம், எப்போது போகலாம் என்பதுதான் விஷயம். எழுதுவது, போட்டோ எடுப்பது, கட்டுத் தூக்குவது, தபால்தலை ஒட்டுவது எல்லாம் நானே. சொந்தமாக எதையாவது ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்களுக்கு மீதியை நான் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் சொல்கிறேன். சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும்.

கட்டிய சாக்கு

அதற்கு முன் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். எத்தனை ஆள் வந்தது, எத்தனை கூடை பழம் பறித்தது என்று எழுதுகிற வேலை. வேலையோடு குவார்ட்டர்ஸும் உண்டு. வேலையை விட்டால் அதுவும் போகும் என்று தெரிந்தேதான் விட்டேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில், ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. அதிலேயே சமையல், படுக்கை, பத்திரிகை ஆபீஸ்.

என் மனைவி லூர்து கல்யாணத்துக்கு வந்த நல்ல பாத்திரங்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. புது அறையில் அந்தச் சாக்கைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, ஊர் பாக்க வர்றவங்களுக்கு நீங்க வழி சொல்லுங்க, நான் வேண்டாங்கல. உங்க பத்திரிகை சொந்தக் கால்ல நின்னு, நமக்குன்னு ஒரு ஊடு புடிக்கோணும். அதுவரைக்கும் இந்தச் சாக்கை நான் அவுக்க மாட்டனுங்க.”

ஏரி தெரியாத ஏரி

முதல் இதழின் முதல் பக்கத்துக்கு ஏரியைப் படம் எடுத்தேன். பனி விலகட்டும் என்று ஒரு வாரம் விடியற்காலையில் போய்க் கரையில் குந்தியிருந்தேன். பிலிம் தீர்ந்ததே தவிர பனி விலகவில்லை. கடைசியில் கிடைத்த படத்தைச் சேலத்தில் பிளாக் செய்யக் கொடுத்து, அச்சில் ஏற்றிப் பார்த்தால் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி ஒரே கறுப்பு. வேறு பிளாக் செய்யக் கையில் வசதியில்லை. அச்சகத்து ஃபோர்மன் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவராக, ஈரம் காயாத தாளைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: “விடுங்க சார், படத்துக்குக் கீழ ‘ஏரி’ன்னு பெருசாப் போட்டரலாம். போட்டுட்டா அப்புறம் ஏரிதானுங்க.”

மலைக் கடிகாரம்

மாரமங்கலத்துக்காரர் ஒருவர் தலையில் மிளகு மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார். எதிரே தெரிந்த மேட்டுக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் போய்விடலாம் என்றார். சரிதானா என்று அவரோடு நடந்தே பார்த்தேன். அரை மணியில் மேட்டில் நின்றோம். நானும் மலையில் பிறந்தவன், மூச்சுகூட வாங்கவில்லை. ‘அரை மணி நேர நடை’ என்று இதழில் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் சேலத்து பாங்க் ஊழியர் ஒருவர் மனைவி மக்களோடு என் அறை வாசலில் நின்றார். எல்லார் முட்டியிலும் செம்மண். காலையில் புறப்பட்டவர்கள் மதியச் சாப்பாட்டு நேரம் வரை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்று முதல், கூட வருகிறவர்களில் யார் கடைசியாக வந்து சேருகிறாரோ அவருடைய நேரத்தைத்தான் அச்சில் போட்டேன். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்த மனிதர் கோபமே இல்லாமல் சொன்ன வார்த்தை: “உங்க அரை மணி நேரம் உங்க மலையிலயே இருக்கட்டுங்க. எங்க ஊர்க் கடியாரத்துல எவ்வளவுன்னு அடுத்த மாசமாவது போடுங்க.”

அட்டை

ஆரம்பத்தில் எனக்கு இருந்த ஒரே விளம்பரதாரர் ஒரு லாட்ஜ் முதலாளி. கடைசிப் பக்கத்தில் பாதி அவருடையது. பேப்பர் வாங்குவது அவர் புண்ணியத்தில்தான். மழைக்கால இதழில், செம்மநத்தம் பக்கம் போகிறவர்கள் காலில் அட்டை ஏறும், அதை உதிர்க்க மூக்குப்பொடி கொண்டுபோங்கள் என்று எழுதியிருந்தேன். உண்மைதானே? அடுத்த மாதமே விளம்பரத்தை நிறுத்திவிட்டார். கெஞ்சத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. வரவேற்பு மேஜையில் என் இதழை விரித்து அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு பேசினார்: “அட்டை கடிக்கறது எனக்குந் தெரியுமுங்க. ஆனா ரூம் எடுத்தவனைக் கடிச்சாப் பரவால்ல, ரூம் எடுக்க வர்றவனையே உங்க பேப்பர் கடிக்குதே!”

அந்த வருஷம் லூர்து காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். குடோனில் காலை முதல் குனிந்தே உட்கார்ந்து, கறுத்த கொட்டையைப் பொறுக்கிப் போடவேண்டும். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். சாக்கு சுவரோரம் அப்படியே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் எழுதப் பழகிக்கொண்டேன்.

பூ எங்கே?

பங்குனி வெயிலில் ஒரு நல்ல மழை விழுந்தால் காப்பிச் செடி பூக்கும். மலையே வெள்ளையாகிவிடும். வாசனை பஸ்ஸுக்குள் வரும். அதைப் பற்றி மனமுருகி ஒரு பக்கம் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். எழுதி, சேலத்துக்குக் கொண்டுபோய், எழுத்துக் கோத்து, அச்சாகி, தபாலில் போய்ச் சேர ஒரு மாதம். பூ இருப்பதோ இரண்டு மூன்று நாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதிய எனக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

அதைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சரஸ்வதி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினார். தோட்டத்தில் வெறும் பச்சை. கிளையில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு பூவும் கருகியிருந்தன. கணவர் பெரியசாமிக்கு வந்த கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மா டாக்டரிடம் அடம்பிடித்து அனுமதி வாங்கி வந்தவராம். இருதயக் கோளாறு. அடுத்த மலைப் பயணத்துக்கு விடுவார்களா என்பதே சந்தேகமாம். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. அந்த அம்மா கருகிய பூவைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஒரு வருஷச் சந்தாவை என் கையில் வைத்தார்: “அழுவாத சாமி. வர்ற வருசம் பூக்கறதுக்கு மிந்தியே எனக்கு ஒரு சேதி சொல்லீரு. நான் எப்படியாவது வந்தர்றேன்.”

மழை பெய்த அன்று

அந்த வருஷம் முழுக்க எனக்கு அதே யோசனை. பூத்ததும் தந்தி கொடுக்கலாமா? தந்தி போய், அவர்கள் மூட்டை கட்டி, பஸ் பிடித்து வருவதற்குள் பூ உதிர்ந்துவிடும். அதை லூர்துவிடம் புலம்பினேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மழை வுழுந்தா ஒம்பதாம் நாளோ பத்தாம் நாளோ பூக்கும்னு எஸ்டேட்டுல கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும். மழை பெஞ்ச அன்னைக்கே கார்டு போட்டா ஆச்சு. இதுக்குப் போயி நொம்ப யோசிக்கறீங்களே!”

எனக்கும் தெரிந்ததுதான். மலையில் எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே அதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டியது. சந்தாதாரர்கள் எல்லாருக்கும், ‘இன்று மழை. ஒன்பது நாள் கழித்துப் புறப்படுங்கள்’ என்று கார்டு எழுதினோம். முதல் கார்டு சரஸ்வதி அம்மாளுக்கு. அதை லூர்துதான் எழுதினாள். கார்டுக் கட்டை முந்தானையில் மூடிக்கொண்டு நனைந்தபடியே போஸ்ட் ஆபீசுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். முத்திரை குத்துகிறவர் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்: “ஏனுங்க, மழை பேஞ்சா ஊருக்கெல்லாம் கடுதாசி போடற குடும்பத்தை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

வெள்ளை

பூத்தது. சொன்னபடியே பூத்தது. வந்தவர்கள் ஒரு வேன் கொள்ளுகிற அளவுதான். அந்தப் பாங்க் ஊழியர்கூட வந்திருந்தார், இந்தத் தடவை கான்வாஸ் ஷூவோடு. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் கிளை கிளையாக வெள்ளை. நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியசாமி தனியாக வந்தார். ஆடி மாதமே அந்த அம்மா போய்விட்டாராம். எனக்குத் தெரியாது. மாதா மாதம் அவர் பேருக்கு இதழ் அனுப்பிக்கொண்டிருந்தேன், ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து, மேலிருந்த பெயரைக் காட்டினார். “அவ பேருக்கு வந்துதுங்க. கூப்புட்டுட்டாங்க, ஒருத்தராவது போகோணுமில்லீங்களா?” என்றார். நெடுநேரம் செடிகளுக்கு நடுவே நின்றார். ஒரு பூவைக்கூடக் கிள்ளவில்லை. திரும்பும்போது அடுத்த வருஷச் சந்தாவை நீட்டினார். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்: “வேண்டாங்க தம்பி, அவ பேர்லயே இருக்கட்டும். கார்டு வந்தா, அவளைத்தான் கூப்புடறீங்கன்னு நானும் கெளம்பி வந்தர்றேன்.”

அந்த மழைக் கார்டுக்காகவே பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, எறும்பு ஊர்கிற வேகத்தில். லாட்ஜ் முதலாளியும் விளம்பரத்தைத் திரும்பக் கொடுத்தார், பங்குனி மாதத்துக்கு மட்டும். தொண்ணூறு பிறக்கும்போது ஜன்னல் வைத்த ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். லூர்து சாக்கை அவிழ்த்து, பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். முடிச்சு அத்தனை வருஷத்தில் இறுகிப்போய், கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது.

பத்திரிகை ஆரம்பிக்கப் போகிற அன்பர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: என் நான்கு பக்கத்தைக் காலூன்ற வைத்த சந்தாதாரர்களில், கடைசி இதழ் வரை ஒரு வருஷம்கூடப் புதுப்பிக்கத் தவறாதவர் சரஸ்வதி அம்மாள் ஒருவர்தான்.