செவ்வாய்க்கிழமை எழுதிய லீவு

என் ஓரகத்தியின் மூக்கை உடைக்கத்தான் நான் ஊட்டிக்குப் போகத் திட்டம் போட்டேன். குளிர், பூ, புல்வெளி எல்லாம் அப்புறம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி எங்களுக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரே கம்பெனியில் வேலை, அதிலும் தகட்டை அழுத்தி வளைக்கிற ஒரே பிரஸ் மிஷின். அண்ணன் ஒரு ஷிஃப்ட் என்றால் தம்பி அடுத்த ஷிஃப்ட். அந்த மிஷினில் அச்சைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர். ஒருவர் வந்து மாற்றிவிட்டால்தான் மற்றவர் வீட்டுக்குக் கிளம்ப முடியும்.

பகை தொண்ணூறாம் வருஷத்து மே மாதத்தில் ஆரம்பித்தது. ஓரகத்தியின் பிறந்த வீட்டார் வேன் பிடித்து ஊட்டிக்குப் போவதாக இருந்தார்கள். "நீங்களும் வாங்க, எடம் கீது" என்று அவளே கூப்பிட்டாள். நான் ஒரு மடச்சி, நம்பினேன். பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. என் கணவர் பாரிமுனை நடைபாதையில் அலைந்து இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். கொளுத்துகிற மே மாதத்தில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரன் சிரிக்காமல் என்ன செய்வான்? மூட்டையின் அடியிலிருந்து உருவிக் கொடுத்தானாம்.

விடிகாலையில் வேன் வந்தது. உள்ளே அவளுடைய தம்பி, தம்பி பெண்டாட்டி, சித்தி, சித்தியின் மாமியார் எல்லாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். சித்தியின் மாமியாருக்கு ஊட்டியில் என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஓரகத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எடம் பத்தலமா, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். வேன் போய்விட்டது. பெரியவள் ஸ்வெட்டரோடு தெருவில் நின்றாள். "பெரியம்மா திரும்பி வந்து இட்டுக்கினு போவாங்கமா" என்று பத்து மணிவரை கழற்றாமல் நின்றாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு பொரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவளை மடியில் உட்கார வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்: அடுத்த வருஷம் உன்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன், யார் தடுத்தாலும் போவேன்.

ஓரகத்தி திரும்பி வந்து நான்கு ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். அவள் முதுகைத் திருப்பியதும் கோழிக்குப் போட்டேன். அவள் பிள்ளை குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற போட்டோவை எங்கள் பக்கத்துக் கதவுக்கு நேராக மாட்டி வைத்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் குதிரை என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது.

தொண்ணூற்றொன்று பிறந்ததும் வேலையை ஆரம்பித்தேன். யாருக்கும் தெரியாமல் ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். சின்னவனுக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும். மலைப்பாதையில் அவன் என்ன ஆவானோ என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார வைத்துப் பழக்கினேன். முதல் வாரம் சுங்குவார்சத்திரத்திலேயே என் புடவையில் எடுத்தான். மூன்றாவது வாரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே காஞ்சிபுரம்வரை வந்துவிட்டான். அங்கே இறங்கி ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்துவிட்டுத் திரும்பினோம். எதற்கு இப்படி வாராவாரம் காஞ்சிபுரம் என்று ஓரகத்தி கேட்டாள். வேண்டுதல் என்றேன். பொய்யும் இல்லை.

எல்லாம் சரி, லீவு? கம்பெனியில் மார்ச் மாதம் சூப்பர்வைசர் தன் மேஜையில் ஒரு நோட்டு வைப்பார். கோடைக்கு எந்த வாரம் லீவு வேண்டுமோ அதில் எழுத வேண்டும். ஒரு மிஷினுக்கு ஒரு வாரத்தில் ஒருவர்தான், முதலில் எழுதியவருக்குத்தான். எங்கள் வீட்டில் அண்ணன் எழுதின பிறகுதான் தம்பி எழுதுவார். அது சட்டம் மாதிரி நடந்து வந்தது. அந்த வருஷம் ஓரகத்தி கொடைக்கானலுக்கு வேன் பேசி, மே முதல் வாரம் என்று தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

எனக்கு அந்த வாரம்தான் வேண்டும் என்றேன்.

"வேற வாரமே இல்லியா? அண்ணன் போய் வந்தப்பறம் நாம போலாமே" என்றார் என் கணவர்.

"அந்த வாரம் அவங்க போகக் கூடாது. நாம போகணும்."

"இன்னா புள்ள பேசற நீ?"

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியவளை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, "போன வருஷம் எங்க நின்னேன்னு அப்பாவுக்குச் சொல்லுமா" என்றேன். அவள் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நோட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அங்கே நடக்கிற கூத்து எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அந்த மிஷின் ஷாப்பில் ஒருத்தரும் நல்ல காரியத்துக்குப் பேனாவைத் திறக்க மாட்டார்கள். அதிலும் என் கணவரின் அண்ணன் நாள் பார்க்காமல் சைக்கிளுக்குப் பஞ்சர்கூட ஒட்ட மாட்டார். புதன்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டை மூடி வைத்துவிட்டார். அவர் தம்பி முந்திக்கொள்வார் என்று அவருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. அன்றைக்கு மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, நல்ல ராகு காலத்தில், யாருமே கிட்டப் போகாத அந்த நோட்டில் என் கணவர் மே முதல் வாரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி தலைக்கு ஊற்றிக்கொண்டார். நான் அவருக்குச் சுடச்சுட வடை போட்டுக் கொடுத்தேன். அவர் ஒன்றுகூடத் தொடவில்லை. நானே எல்லாவற்றையும் தின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள்.

"இன்னாடி திமிரு உனக்கு? வேனுக்குச் சொல்லியாச்சு, எங்கம்மா வூட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்ப எம் புருஷனுக்கு லீவு இல்லன்னா நான் எங்க போயி மூஞ்ச வெச்சிக்கறது?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? கம்பெனி ரூலு" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். வாய் இனித்தது. அண்ணன் மட்டும் கோபப்படவில்லை. "விடு, அவன் எழுதிட்டான், போவட்டும்" என்று மனைவியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

கிளம்புகிற நாள் வந்தது. காலையிலேயே ஓரகத்தி புருஷன் இல்லாமல், பிள்ளையோடு, உர்ரென்று வேன் ஏறிப் போய்விட்டாள். எங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு சென்ட்ரலில் ரயில். இரண்டு முழு டிக்கெட், ஓர் அரை டிக்கெட். என் கணவர் மூன்று மணிக்கு மிஷினை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தால் போதும். புளிசாதம் கட்டி, பால் பவுடரும் வாந்தி மாத்திரையும் எடுத்து வைத்து, பிள்ளைகளுக்குத் தலை வாரி உட்கார வைத்தேன். நாலு மணி ஆனது. நாலரை ஆனது. ஆள் இல்லை. கூட வேலை செய்கிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ரிலீவர் வரலக்கா. அவரே டபுள் ஓட்டிக்கினு கீறாரு, பதினோரு மணி ஆவும்" என்றார்.

முன்பாதிக்கு ஓடினேன். அண்ணன் நெற்றியில் ஈரத்துணியோடு பாயில் படுத்திருந்தார்.

"மாமா, ஷிஃப்டுக்குப் போகல?"

"ஜொரம்மா. ஒரு வாரம் ரெஸ்டுன்னு டாக்டரு சீட்டு எழுதிட்டாரு."

கணவருடைய அண்ணனை நான் தொடக் கூடாது, அது வழக்கம் இல்லை. பெரியவளைக் கூப்பிட்டு, பெரியப்பா நெற்றியைத் தொட்டுப் பார் என்றேன். அவள் துணியைத் தூக்கிக் கை வைத்தாள். "ஜில்லுனு கீதுமா" என்றாள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாவி! ஒரு வாரம் சீட்டு என்றால் என் கணவரின் லீவு ரத்து. அந்த மிஷினுக்கு வேறு ஆள் கிடையாது. பழிக்குப் பழி. நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். வெளியே நின்றிருந்த சைக்கிள்காரரிடம், "நான் பசங்கள கூட்டிக்கினு போறேன், அவரு எப்படியாவது பின்னாலயே வரட்டும், லாட்ஜு பேரு அவருக்குத் தெரியும்னு சொல்லு" என்றேன். காஞ்சிபுரத்தைத் தாண்டித் தனியாக எங்கும் போகாதவள் நான். ஓர் இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் பிள்ளை, தோளில் பை. பிராட்வே பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டும்வரை அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். பயப்பட நேரமே இல்லை.

ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலை ரயிலில் சின்னவன் வாந்தி எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். பெரியவள் புல்லில் உருண்டாள், உதடு நீலமாகிற வரைக்கும் ஓடினாள், வாயிலிருந்து வருகிற புகையைக் கையால் பிடிக்கப் பார்த்தாள். அவள் சிரித்த சிரிப்பில் என் மனசு குளிர்ந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். லாட்ஜ்காரர் தினமும் "சார் வரலீங்களா?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்காரு" என்றேன். தினமும் காலையில் பிள்ளைகளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். அவர் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அங்கே நின்று அண்ணன் குடும்பத்துக்கு ஒரு புதுச் சாபம் கொடுத்துவிட்டுத்தான் டீ குடித்தேன். அண்ணன் கை விளங்காமல் போகட்டும் என்றுகூடச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வீடு திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு வார லீவு. ஓரகத்தி இன்னும் வரவில்லை. பின்பாதியில் நுழைந்தால், என் சமையல்கட்டில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தன் தட்டிலிருந்த மீன் துண்டைத் தம்பி தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா? கை கழுவிக்கினு வா, அண்ணன் கொழம்பு வெச்சாரு" என்றார் என் கணவர்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பையை விட்டெறிந்தேன். "இந்த மனுஷன் பொய்ச் சீட்டு வாங்கி உங்க லீவ கெடுத்துட்டு இங்க மீன் தின்னுக்கினு இருக்காரு, நீங்களும் கூட உக்காந்து தின்றீங்களா?" என்று கத்தினேன். அண்ணன் தட்டோடு எழுந்து முன்பக்கம் போனார்.

என் கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அவர ஏசாத. நான்தான் ஷிஃப்டுக்கு வராதண்ணான்னு சொன்னேன். அவரு முடியாதுன்னாரு. பசங்க ஏமாந்து போவும், நீ போயிட்டு வாடான்னாரு. நான்தான் கெஞ்சி அந்த சீட்டு வாங்க வெச்சேன்."

"எதுக்கு?"

"அவரு வாரத்த நான் புடுங்கிக்கினு, அங்க போயி நின்னு இன்னாத்த சிரிக்கிறது? உங்கிட்ட சொன்னா நீ கேக்கவா போற?"

பிள்ளைகள் அவர் மடியில் ஏறிக் குதிரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் அத்தனையும் கேட்டார், குதிரை என்ன நிறம் என்றுகூடக் கேட்டார். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். தினமும் பஸ் ஸ்டாண்டில் நின்று நான் சபித்தது தப்பான ஆளை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என்னை அங்கே தனியாக நிற்க வைத்தவர் என் புருஷனே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை நானே கூட்டிக்கொண்டு போனேன். ஏற்காடு, கொடைக்கானல், ஏலகிரி. நீங்களும் வாருங்கள் என்று அவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கையை ஆட்டிவிட்டு, ஷிஃப்டுக்குப் போவார்.

அவர் ரிடையர் ஆகி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அண்ணன் இறந்த பிறகு ஓரகத்தி மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். முன்பாதி பூட்டிக் கிடக்கிறது. போன மே மாதம் ஒரு சாயங்காலம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "வெய்யில் தாங்கல. ஒரு தபா ஊட்டிக்குப் போய் வரலாமா? நாம ரெண்டு பேரும்?"

"உங்க அண்ணனோட போங்க" என்றேன்.

தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று இப்போது எழுதலாம். தெரிந்தேதான் சொன்னேன். இத்தனை வருஷம் வைத்திருந்து சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டு முன்பாதியைத் திறந்து, அண்ணன் போன நாளிலிருந்து தினமும் செய்கிற மாதிரி, அங்கே விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.