மௌனச்சாமி பேசிய இங்கிலீஷ்

பதினெட்டு வருஷமாக மூன்றாம் வகுப்புக்கு ‘திஸ் இஸ் எ கேட்’ சொல்லிக்கொடுத்துத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனவர் இங்கிலீஷ் டீச்சர். பூனைக்கே சொல்லிக்கொடுத்திருந்தால்கூட இந்நேரம் அது தன் பெயரைச் சொல்லியிருக்கும். நாற்பத்தொரு பிள்ளைகளையும் கூட்டமாகச் சொல்லச் சொன்னால் கூரை பறக்கும். தனியாக ஒன்றை எழுப்பிக் கேட்டால் போச்சு. உத்தரத்தைப் பார்க்கும், கால் கட்டைவிரலைப் பார்க்கும், பூனைப் படத்தை மட்டும் பார்க்காது. நலமா என்று கேட்டால், ஜுரத்தில் உடம்பு கொதிக்கிறவனும் ‘ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ’ என்பான். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டுக்கு அனுப்பும் வேலையும் டீச்சருக்குத்தான்.

இதில் தலைமையாசிரியை போட்ட சட்டம் வேறு. இங்கிலீஷ் பாடவேளையில் வேறு மொழி ஒரு வார்த்தை வரக்கூடாது, டீச்சர் வாயிலிருந்தும்தான். பாடம் புத்தகத்தில் இருக்கிறது, நடத்திவிடலாம். திட்டுவதற்கு என்ன செய்வது? பாடவேளையில் முக்கால்வாசி அந்த வேலைதானே. அதற்கும் டீச்சர் இங்கிலீஷ் தேடிக்கொண்டார். இலக்கணம் முன்னே பின்னே இருக்கும், அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளி, இடுப்பில் கை வைத்து, எத்தனை தடவை சொன்னேன், வெட்கமில்லையா என்று இங்கிலீஷில் ஆரம்பித்தால், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏன்தான் வந்தேனோ கடவுளே என்று பெருமூச்சோடு இங்கிலீஷிலேயே முடிப்பார். வீட்டுக்குப் போனாலும் வாய் நிற்பதில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட கணவரையும் ஒருநாள் அப்படியே பிடித்துக்கொண்டார். மனிதர் ‘எஸ் டீச்சர்’ என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

எல்லாரையும்விட டீச்சரின் உயிரை வாங்கியவள் மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் உட்காரும் சின்னப் பெண். டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் மௌனச்சாமி. பள்ளி திறந்து ஏழு மாதம் ஆகிவிட்டது, இங்கிலீஷில் ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கடைசியில் அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மா தையல் கடையிலிருந்து அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்தாள்.

"வீட்டுல இவ வாய் ஓயாது டீச்சர். தம்பிய உக்காரவச்சு ஸ்கூல் நடத்துறா. எல்லாம் இங்கிலீஷ்லதான். எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்றாள். பெற்ற பாசம் பேசுகிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கல்வி அதிகாரி வரப்போகிறார் என்று சுற்றறிக்கை வந்தது. அவர் எழுப்பும் பிள்ளை தானாக இரண்டு வாக்கியம் பேச வேண்டும். பேசாவிட்டால் வகுப்பு புதிதாக வந்திருக்கும் இளம் டீச்சருக்குப் போகும், இவர் இரண்டு பஸ் மாறிக் கிளைப் பள்ளிக்குப் போக வேண்டும். டீச்சருக்குப் பஸ் ஒரு பொருட்டில்லை. பதினெட்டு வருஷம் கத்தியதற்கு, ‘இவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுவார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் பூனை, நாய், பந்து என்று போட்டுத் தீட்டினார். கொஞ்சமாவது வாய் திறக்கும் நாலு பேரை முன்வரிசைக்கு மாற்றினார்.

அதிகாரி தலைமையாசிரியையோடு வந்தார். முன்வரிசையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இத்தனை பேர் இருக்க, நேரே மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் போய் நின்றார். எல்லாம் என் தலையெழுத்து என்று டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பூனைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். மற்ற நாற்பது பேரும் கூரை பறக்கப் பதில் சொன்னார்கள். அவர்களைக் கையமர்த்திவிட்டு மறுபடி கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். மௌனச்சாமி எழுந்து நின்று கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். முடிந்தது கதை என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் மௌனச்சாமியின் ரப்பரை எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டாள். மௌனச்சாமி அதைப் பார்த்துவிட்டாள். இல்லாத மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"கிவ் இட் பேக். ஹௌ மெனி டைம்ஸ் ஐ டோல்டு யூ? யூ ஹேவ் நோ ஷேம்?" என்றாள். ரப்பர் பெட்டியிலிருந்து திரும்பி வந்தது. அவள் நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "காட், ஒய் ஐ கேம் டு திஸ் ஸ்கூல்."

குரல், இழுவை, பெருமூச்சு, எல்லாமே டீச்சருடையது. தலைமையாசிரியை கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். டீச்சருக்குக் காது சுட்டது. அதிகாரி மட்டும் மலர்ந்துபோய் நின்றார். மனப்பாடம் இல்லை, சொந்தப் பேச்சு, அதுவும் கேட்டவளுக்குப் புரிந்து ரப்பரே வந்துவிட்டது, இருபது பள்ளிக்கூடம் பார்த்தும் இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை என்றார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். வகுப்பு டீச்சரிடமே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தப்பித்தோம் என்ற சந்தோஷம் கொஞ்சம்கூட வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, இந்த முறை தன் மேலேயே. பூனை நுழையாத காதில் இத்தனையும் நுழைந்திருக்கிறது. ஏன் நுழையாது? பூனையைப் பொதுவாகக் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார். இதை அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்கென்றே, தினமும் சொல்லியிருக்கிறார். வேறு எதையாவது அவளுக்கென்று சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எழுந்து மூன்றாவது பெஞ்சுக்குப் போனார். திட்டு விழப்போகிறது என்று மௌனச்சாமி ரப்பரைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வெரி குட்மா" என்றார் டீச்சர்.

தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று மௌனச்சாமி திரும்பிப் பார்த்தாள்.