சரம் அறுக்காத கை

ஏலச் செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தில் காய்கள் ஒன்றாக விளைவதில்லை. விளைந்ததை மட்டும் எடுத்துப் பிஞ்சை விட்டுவிட வேண்டும். ஒரு மாதம் போல் கழித்து அதே சரத்துக்குத் திரும்ப வரவேண்டும். இதை எனக்குச் சொன்னது என் கட்சிக்காரப் பையன் ஒருவனுடைய அம்மா. போடியில் இத்தனை வருடம் வக்கீலாக இருந்தும், ஏலக்காயை டீயில் மட்டுமே பார்த்தவள் நான்.

இலவசச் சட்ட உதவியில் அவன் வழக்கு என்னிடம் வந்தபோது, அவனுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதங்கள்தான். அப்பா இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மலைச்சரிவில் ஓர் எஸ்டேட்டில் அம்மாவோடு காய் எடுத்துக்கொண்டிருந்தான். அங்கேதான் யாரோ காயைச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பழி அவன்மேல் விழுந்தது. தான் எடுக்கவில்லை என்று பெற்றவள் மேல் சத்தியம் செய்தான். நம்பினேன்.

சரத்தையே பிடித்துக்கொண்டு வாதாடினேன். பிஞ்சோடு அறுத்தால் அந்தச் செடியில் அந்த வருடம் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. காய் எடுத்துப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளையின் கை அதைச் செய்யாது என்றேன். அம்மா கூண்டில் ஏறி, கறை படிந்த விரல்களை நீட்டி அதையே சொன்னாள். எதிர்த்தரப்பில் பார்த்த சாட்சி இல்லை. விடுதலை. அன்று நான் தலைகால் புரியாமல்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம் ஒரு ஜீப்பின் பேட்டரியைக் கழற்றினான். ஒப்புக்கொண்டான். அதே நீதிபதியிடம் மன்றாடினேன். 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று சட்டத்தில் இல்லாத ஒரு வாக்கையும் கொடுத்து, நன்னடத்தைப் பிணையில் வெளியே கொண்டுவந்தேன். தேவாரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வேலையும் பிடித்துக் கொடுத்தேன். பத்து நாள் போனான்.

மூன்றாவது தடவை சாக்கோடு பிடிபட்டான். அதே எஸ்டேட். சாக்கைப் பிரித்து எடுத்த போட்டோவைக் காட்டினார்கள். சரம் சரமாக, பிஞ்சும் பூவுமாகக் கிடந்தது. நீதிமன்ற வராந்தாவில் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன், ஏன் அறுத்தாய் என்று.

"நீங்கதானக்கா சொன்னீங்க, சரத்தோட அறுத்தா நம்ம ஆளுக மேல சந்தேகம் வராதுன்னு."

"அப்ப மொத தடவை?"

"அப்ப வெரசாப் போகணும்னு அறுத்தேன். இப்ப நீங்க சொன்னதுக்காக."

குரலில் திமிர் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரலில் சொன்னான். நான் நல்லது என்று நினைத்துப் பேசியது அவன் கையில் தொழிலாகியிருந்தது.

குற்றவாளி என்று தீர்ப்பானதும், தண்டனை பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டார். வயது, அப்பா இல்லாதது, நின்றுபோன படிப்பு, எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுப்பு ஏற்கிறேன் என்பது மட்டும் வாயில் வரவில்லை. அவன் கூண்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதியும் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. இரண்டு வருடம் என்றார்.

வெளியே வந்து அம்மாவிடம் பாய்ந்தேன். முதல் தடவையும் உன் மகன்தான் அறுத்தான், தெரியுமா என்றேன்.

"தெரியும்மா. அறுத்ததெல்லாம் எனக்கு விட்ட நெரைலதான. வேற ஆளு நெரைல கைய வச்சா பிடிச்சுக் குடுத்துருவாக, ஆத்தா சொல்ல மாட்டான்னு அவனுக்குத் தெரியும்."

அந்த வருடம் முழுக்க, காய் எடுக்க அவளுக்கு ஒதுக்கிய அந்தச் செடி நிரையில், வெறும் செடிகளுக்கு நடுவேதான் குனிந்து நிமிர்ந்தாளாம். அதற்குப் பிறகுதான் கூண்டில் ஏறி எனக்காக விரல்களை நீட்டியிருக்கிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றினார்கள் என்று கத்த வாயெடுத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பீலு போடலாமாம்மா?"