கோல்பர்ன் கையெழுத்தின் மறுபக்கம்

ஓரின் பெக் முப்பத்தோரு வருடம் மில்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். கம்பி வைத்த சன்னலுக்குப் பின்னால் தெரிந்த அந்த ஒடிசலான முகத்தை ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அவர் என்ன செய்கிறார் என்பது மனைவி ஹெஸ்டருக்கும், மாதம் ஒருமுறை நூலகத்தின் மேல்மாடியில் கூடும் சேகரிப்பாளர்கள் ஏழெட்டுப் பேருக்கும்தான் தெரியும். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் கனெக்டிகட்டிலிருந்து நாட்டு மாமன்றத்துக்கு உறுப்பினராகப் போனவர்கள் ஒவ்வொருவருடைய கையெழுத்தையும் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கற தம்பிக்கு ஒரு கடுதாசி போட உங்களுக்கு நேரமில்ல. செத்து நூத்தம்பது வருஷமானவங்க கடுதாசி மட்டும் வீடு நிறைய," என்பாள் ஹெஸ்டர்.

"என் தம்பி கையெழுத்து உனக்குத் தெரியாதா? கோழி கிளறின மாதிரி இருக்கும்."

மற்றவர்கள் எல்லோரும் கிடைத்த பிறகும் ஜெடிடையா கோல்பர்ன் மட்டும் பதினோரு வருடம் கிடைக்கவில்லை. மனிதர் அதிகம் எழுதவில்லை. எழுதியதிலும் பாதி ஒரு தீவிபத்தில் போய்விட்டது. கடைசியில் 1931இல் ஒரு ஏலத்தில் அகப்பட்டது. முழுக் கடிதம் அல்ல, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிப்பவர்களின் வழக்கம் அது. பெயர் போதும் என்று கடிதத்திலிருந்து கத்தரித்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். ஓரின் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மாவுப்பசை காய்ச்சி, ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் அழுந்த ஒட்டிவிட்டார். அவசரத்தில் மறுபக்கத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, கையெழுத்து இந்தப் பக்கம்தானே?

1958 அக்டோபரில் நகர மண்டபத்தில் அந்த ஆல்பங்களைப் பார்வைக்கு வைத்தார்கள். ஒட்டிய பக்கங்கள் கண்ணாடிக்குக் கீழே விரிந்திருந்தன. சனிக்கிழமை மதியம் கூட்டம் கலைந்த பிறகு ஒரு கறுப்பினப் பெண்மணி மட்டும் கோல்பர்ன் பக்கத்தின் முன்னால் நகராமல் நின்றார். ஹார்ட்ஃபோர்டில் பியானோ சொல்லிக்கொடுப்பவர், பெயர் அடேலியா பிரென்டிஸ். ஓரின் அருகே வந்ததும், கைப்பையிலிருந்து ஒரு நகல் படத்தை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

அது கோல்பர்ன் எழுதிய ஒரு கடிதத்தின் முதல் பக்கம். அசல் மில்ஃபீல்ட் நூலகத்திலேயே இருந்தது; கையெழுத்து இல்லாத கடிதம் என்று ஓரின் அதைக் கேட்டுப் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு ஓட்டை, தாளின் மறுபக்கத்தில் இருந்த கையெழுத்தை யாரோ கத்தரித்துக்கொண்ட இடம். ஓட்டையின் அளவும், கண்ணாடிக்குக் கீழே இருந்த துண்டின் அளவும் ஒன்று.

"வாசிச்சுப் பாருங்க, மிஸ்டர் பெக்," என்றார் அடேலியா.

ஓரின் வாசித்தார். 'பிரைமஸ் இப்போது என் வீட்டில் இல்லை.' பிறகு ஓட்டை. 'செவ்வாய் இரவு அவன்.' மறுபடி ஓட்டை. 'மனைவியோடு போய்விட்டான்.'

"பிரைமஸ் யாரு?"

"கோல்பர்னோட அடிமை. எனக்குக் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா. எஜமான் நல்ல மனசோட விடுதலை பண்ணி அனுப்பினாருன்னு எங்க வீட்ல ஒரு பேச்சு உண்டு. எங்கப்பா அதை நம்பல. தெக்குப் பக்கப் பண்ணைக்கு அவரை வித்துட்டிருப்பான்னு சொல்லிக்கிட்டே செத்தாரு." அடேலியா படத்தை மடித்தார். "ரெண்டுல எதுன்னு உங்க துண்டோட பின்னாடி எழுதியிருக்கு. நான் கேக்கறது பெருசுன்னு தெரியும். அதனால கேக்கல, சொல்லிட்டுப் போறேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் அவித்த பீன்ஸ் ஆறிப்போயிற்று. பின்பக்கம் தெரிய வேண்டுமானால் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். பழைய மை பெரும்பாலும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் முன்பு ஒரு நீதிபதியின் கையெழுத்தை ஊறவைத்தபோது பழுப்புக் கறைதான் மிஞ்சியது. கோல்பர்னின் கையெழுத்து, அவருக்குத் தெரிந்து, நாட்டில் மொத்தமே மூன்று.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் ஹெஸ்டர்.

"அழிஞ்சுட்டா?"

"அழிஞ்சா அழிஞ்சது. நீங்களே தேடிப் பிடிச்சீங்க, நீங்களே ஒட்டினீங்க. அந்தம்மாவோட முப்பாட்டன் மேல ஒட்டியிருக்கீங்க."

ஓரின் நான்கு நாள் ஆல்பத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஐந்தாம் நாள் அடேலியாவுக்குக் கடிதம் எழுதினார். தம்பிக்கு எழுதுவதைவிடச் சுருக்கமாக: 'ஞாயிறு மதியம் வாருங்கள்.'

ஆல்பப் பக்கத்தைத் துண்டைச் சுற்றி வெட்டியெடுத்து, கேக் சுடும் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டார். மூவரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் மாவு வெண்மையாகக் கரைந்து தண்ணீர் கலங்கியது. ஓரின் காகிதம் பிரிக்கும் எலும்புக் கத்தியின் முனையை மெல்ல நுழைத்தார். கோல்பர்ன் என்பதன் கடைசி எழுத்துகள் இரண்டும் வெளிறி ஒரு நிழலாகிவிட்டன. அவர் கை நின்றது.

"வேணாம்னா விட்டுடுங்க," என்றார் அடேலியா. குரல் அடங்கியிருந்தது.

"பாதி வழியில விட்டா ரெண்டும் போயிடும்மா."

துண்டு பிரிந்து வந்தது. மையுறிஞ்சும் தாளின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டு, மிச்ச மாவை நனைந்த பஞ்சால் ஒற்றி எடுத்தார். இரண்டு வரி தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை அடேலியா பக்கம் திருப்பி வைத்தார். தான் முதலில் வாசிக்கக் கூடாது என்று தோன்றியது.

அடேலியா நகல் படத்தை அருகில் வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்ல வாசித்தார்.

"'பிரைமஸ் இப்போது என் வீட்டில் இல்லை. நான் விடுவிக்கவில்லை. செவ்வாய் இரவு அவன் என் சாம்பல் குதிரையில் மனைவியோடு போய்விட்டான்.'"

அடேலியா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஹெஸ்டர் எழுந்தாள்.

"குதிரையோட!" என்றார் அடேலியா, சிரிப்பை அடக்க முடியாமல். "எங்கப்பா இருந்திருக்கணும். எஜமானோட குதிரையையே எடுத்துக்கிட்டு!"

"அதுவும் நல்ல குதிரையாத்தான் இருக்கணும்," என்றாள் ஹெஸ்டர். "இல்லன்னா கடுதாசியில நிறத்தைச் சொல்லி வயித்தெரிச்சல் பட்டிருக்க மாட்டாரு."

புதன்கிழமை மூவரும் நூலகத்துக்குப் போனார்கள். நூலகர் அந்தத் துண்டை ஓட்டையில் வைத்துப் பார்த்தார். மயிரிழை இடைவெளியும் இல்லாமல் உட்கார்ந்தது. கடிதத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் ஒரு பக்கம்தான் தெரியும் என்றார் அவர். எப்போதும் கையெழுத்துள்ள பக்கத்தைத்தான் மேலே வைப்பார்கள். வருகிறவர்கள் பார்க்க விரும்புவதும் அதைத்தான்.

ஓரின் கடைசியாக ஒருமுறை கோல்பர்னின் பெயரைக் குனிந்து பார்த்தார், வெளிறிய இரண்டு எழுத்துகள் உட்பட. பிறகு தாளைத் தாமே இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பினார்.

"இந்தப் பக்கம் மேல இருக்கட்டும்," என்றார்.