தட்டப்பயறு ரிங்டோன்

எங்காவது ஒரு போன் அடித்தால் போதும், சுமானா கோனேயின் வலது கட்டைவிரல் தானாகப் போய் ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இல்லாத பொத்தானை ஒருமுறை அழுத்தும். பாட்டு இங்கே தொடங்கியிருக்க வேண்டும் என்று பொருள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு அழுத்து; இங்கே வெட்டியிருக்க வேண்டும். பள்ளிவாசலில் யாரோ அணைக்க மறந்த போன் அலறும்போதும் இதே கதைதான். துக்க வீட்டில் ஊர்ப் பெரியவர் இறந்தவரின் நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டிருக்கையில் யார் சட்டைப் பையிலிருந்தாவது ஆட்டப் பாட்டு கிளம்பினால், எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். சுமானாவும் குனிவான். விரல் மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும்.

ஊருக்கெல்லாம் ரிங்டோன் செய்து கொடுப்பவன் தன் போனுக்கு மட்டும் ஓசை வைத்துக்கொள்ளவில்லை. அது தொடையோரம் கிடந்து நடுங்கும், அவ்வளவுதான். சந்தை நடுவில் சத்தம் போட்டு அறிவிக்கிற அளவுக்குத் தான் அப்படி என்ன பெரிய ஆள் என்பது அவன் எண்ணம். இந்த விஷயத்தில் ஊருக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

செகூ ஊர்ச் சந்தையில் துணிக்கடைகள் முடிந்து மீன் வரிசை தொடங்கும் முனையில், சாயம் போன ஒரு குடைக்குக் கீழே அவன் மேசை. பழைய லேப்டாப், ஒரு கொத்து வயர், மெமரி கார்டுகள் போட்டு வைத்த தக்காளி டப்பா. சார்ஜ் போடுவான், பாட்டு ஏற்றுவான். ஆனால் அவன் கை ராசி என்று பேர் வாங்கியது ஆளுக்கொரு ஓசை வைப்பதில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திரையில் வரும் பெயர் எறும்பு ஊர்கிற மாதிரிதான். அவர்களுக்கு ஓசைதான் பெயர். மகன் கூப்பிட்டால் மோட்டார் சைக்கிள், மாமியார் கூப்பிட்டால் கழுதை. மாமியாருக்குக் கழுதை வைக்கச் சொல்லி வந்த மருமகள்கள் எத்தனை பேர் என்று சுமானா வெளியே சொன்னால் ஊரில் பாதிக் குடும்பம் உடைந்துவிடும். சொல்ல மாட்டான். எதையுமே சொல்ல வராது என்பதுதான் அவன் தொழில் தர்மம்.

மீன் வரிசையில் கருவாடும் புகைபோட்ட கெளுத்தியும் விற்கிற, எழுத்துத் தெரியாத சிதான் த்ராவோரே ஒருநாள் தன் பொத்தான் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ஏய் கோனே! எல்லாருக்கும் ஒரே சத்தம் வருதுடா. அண்ணன்னு நெனச்சு எடுத்து, ஓட்டல் சமையல்காரனை 'எங்கடா ஊர் சுத்துற?'ன்னு கேட்டுட்டேன்."

மொப்தியிலிருந்து மீன் அனுப்புகிற அண்ணனுக்குப் படகு மோட்டார் வைத்தான். ஓட்டல் சமையல்காரனுக்குச் சேவல். அம்மாவுக்கு உலக்கை இடிக்கிற சத்தம். பக்கத்துக் கூடைக்காரி மசரான் அக்காவுக்கு ஆடு. அதை மசரானே நின்று கேட்டு ஒப்புக்கொண்டாள்.

"கடைசியா உனக்கு" என்றாள் சிதான். "உன் நம்பரையும் போட்டுக்கோ. போன் கெட்டா யாரைத் திட்டுறது? உனக்கு... தட்டப்பயறு கொதிக்கிற சத்தம்."

மீன் வரிசை முழுக்கச் சிரித்தது. கோனேக்களுக்கும் த்ராவோரேக்களுக்கும் பிறவியிலிருந்தே கேலிமுறை. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ள வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. எதிராளி தட்டப்பயறு தின்னி, தன் வீட்டு அடிமை, தன் தாத்தா விட்டுப்போன கழுதையைவிட மட்டம்: மூன்றில் எதைச் சொன்னாலும் மற்றவன் அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை.

சுமானா முறைப்படி, "உங்க தாத்தாவை எங்க தாத்தா ரெண்டு கூடை வெங்காயத்துக்கு வாங்கினார், மறந்துட்டியா?" என்றான். தரையைப் பார்த்துச் சொன்னான். வசவு எடுபடவில்லை.

பயறு விற்கிற கிழவியிடம் போய், கொதிக்கிற பானைக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆவி பட்டு விரல் வெந்தது. "உள்ள போட்டு வேக வைக்கவா தம்பி?" என்று கிழவி கேட்டாள். குமிழி வெடிக்கிற சத்தம் அருமையாகப் பதிவானது. வாழ்க்கையில் அவன் செய்த மிகச் சிறந்த ரிங்டோன் அதுதான் என்று அவனுக்கே தோன்றியது. தன்னை இவ்வளவு துல்லியமாக அவமானப்படுத்த வேறு யாராலும் முடிந்திருக்காது.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடும்போதெல்லாம் சிதானின் கூடை மூடி மேல் பானை கொதிக்கும். வரிசையே, "பயறு வெந்துருச்சு!" என்று கத்தும். அவள் சிரித்துக்கொண்டே எடுப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே ஏதாவது காரணம் கண்டுபிடித்துக் கூப்பிட்டான். பேட்டரி நிற்கிறதா? மொப்தியில் மழையா? காரணங்கள் தீர்ந்தபோதுதான், தான் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவது அவனுக்குப் புரிந்தது. மற்றவர்களுக்கு முதலில் ஆசை வரும், பிறகு காரணம் தேடுவார்கள். இவனுக்கு எல்லாமே பின்பக்கத்திலிருந்துதான் வரும்.

தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஒருநாள் மீன் வரிசைக்கே போனான்.

"சிதான், என்னைக் கட்டிக்கிறியா?"

"கேட்டீங்களா அக்கா? அடிமைக்கு எஜமானி வேணுமாம்!"

மசரான் மீன் செதிலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சீர் என்னடா கொண்டு வருவ? எத்தனை மூட்டை பயறு?"

"பயறு தின்னவனுக்கு முதலிரவுல காத்து எப்படி வரும், அதை முதல்ல கேளுங்க!" என்றாள் கடைசிக் கூடைக்காரி.

அதற்குமேல் அங்கே சிரிப்புதான். சுமானாவும் சிரித்தான், வேறு என்ன செய்வது? கேலிமுறையில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்ன எதுவும் கணக்கில் வராது. ஊரில் வேறு எந்தப் பெண்ணிடம் சொன்னாலும் பதறியோ வெட்கப்பட்டோ முறைத்தோ ஒரு பதில் வந்திருக்கும். போயும் போயும் ஒரு த்ராவோரே மேல் ஆசைப்பட்டுவிட்டான்.

பேச்சு வேலைக்காகாது, ஓசைதான் வழி என்று முடிவு செய்தான். பக்கத்துத் தெருவில் ந்கோனி என்கிற நரம்பு வாத்தியம் வாசிக்கிற தியேமோகோவின் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு சாயங்காலம் வாசிக்கச் சொன்னான். நரம்பு அப்படி இறங்கி ஏறியது. அதன்மேல் தன் குரலில், "சிதான், இது சுமானா. விளையாட்டு இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன்" என்று பேசிப் பதிவு செய்தான். போட்டுக் கேட்டபோது குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கியது. 'விளையாட்டு இல்லை' என்பதை வெட்டினான். மீண்டும் கேட்டான். 'நிஜமாக' என்பதையும் வெட்டினான். பிறகு 'கேட்கிறேன்'. பிறகு தன் பெயர். கடைசியில் ந்கோனி மட்டும் மிஞ்சியது. மிகச் சுத்தமான வெட்டு. சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது.

அடுத்த முறை அவள் சார்ஜ் போடக் கொடுத்த போனில் பயற்றுப் பானையை எடுத்துவிட்டு, தன் எண்ணுக்கு ந்கோனியை வைத்தான். கேட்காமல் செய்தது திருட்டுத்தனம்தான். அவனிடம் இருந்த மொத்தத் தைரியமும் அந்த வேலைக்கே செலவாகிவிட்டது.

மறுநாள் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கூப்பிட்டான். கூடை மூடி மேல் ந்கோனி எழுந்தது. சிதானின் கத்தி நின்றது. அவள் போனைப் பார்த்தாள். ஈரக்கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். அவள் போனைத் தொடவில்லை. அடித்து ஓய்ந்ததும் கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்று மாலையும் எடுக்கவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் முழுதாக அடித்து ஓய விட்டாள். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படி மறுப்பாள்? பயற்றுப் பானையாக இருந்தவரை சிரித்தாவது எடுத்தாள். மனுஷனாக வந்ததும் கதவைச் சாத்திவிட்டாள். இதே யோசனையில் சுமானா வாடிக்கையாளர் ஒருவரின் மாமியாருக்குத் தொட்டில் பாட்டு வைத்துக் கொடுத்துவிட்டான். அந்த மருமகள் திரும்பி வந்து சண்டை போட்டாள்.

இப்படி இருக்கையில் சிதான் மேசைக்கு வந்து நின்றாள்.

"உயிரோட இருக்கியாடா கோனே? உன் பானை கொதிச்சு எத்தனை நாளாச்சு? நான் ஏதாவது நிஜமாவே திட்டிட்டேனா?"

சுமானாவின் கையிலிருந்த வயர் கீழே விழுந்தது. ஊருக்கெல்லாம் ஓசைதான் பெயர் என்று சொல்லி வியாபாரம் செய்கிறவன், தன் பெயரைத் தானே அழித்துவிட்டு, ஏன் அடையாளம் தெரியவில்லை என்று அழுதுகொண்டிருந்திருக்கிறான். இப்படிப்பட்ட மடையன் செகூவில் இதற்குமுன் பிறந்திருக்க வாய்ப்பில்லை.

"வேற... யாரும் கூப்பிடலையா?"

"யாரோ கூப்பிடுறான். தெரியாத சத்தம்." அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"எடுத்தியா?"

"எதுக்கு எடுக்கணும்? உன் வேலையப் பாரு. சார்ஜ் மட்டும் போடு, உள்ள எதையும் கலைக்காத."

தெரியாதவன் தொல்லை பொறுக்காமல் எரிந்து விழுகிறாள் என்று சுமானா எடுத்துக்கொண்டான். அவள் தலை மறைந்ததும் ந்கோனியை எடுத்துவிட்டுப் பழையபடி பானையை அடுப்பில் ஏற்றினான். போன் திரும்ப அவள் கைக்குப் போனதும் கூப்பிட்டான். இரண்டாவது குமிழி வெடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுடா, பயறு தின்னி! அடிமைக்கு இப்பதான் எஜமானி நெனப்பு வந்துச்சா?"

சுமானா பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்து அல்ல, நாக்கு ஒட்டிக்கொண்டது.

"உங்க தாத்தாவை எங்க கழுதைக்குப் புல்லு வெட்டத்தான் வச்சிருந்தோம், ஞாபகம் இருக்கா?"

பதில் இல்லை.

"டேய், திட்டுடா. ஏன் திட்ட மாட்டேங்குற?" குரல் இறங்கியது. "உடம்பு சரியில்லையா? வீட்ல யாருக்காவது ஏதாவதா?"

ஒரு த்ராவோரே திட்டி, ஒரு கோனே வாய் மூடி இருந்தால் அது சாவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குச் சமமான வேறு ஏதாவதாக இருக்க வேண்டும். தன் வாழ்நாள் முழுக்கக் குறையாக இருந்த ஊமைத்தனம் இப்படி ஒருநாள் வேலை செய்யும் என்று சுமானா எதிர்பார்க்கவில்லை.

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றான். "வெள்ளிக்கிழமை பக்காரி சித்தப்பா கோலாக்கொட்டை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றார். பொண்ணு கேட்க."

அந்தப் பக்கம் செதில் சீவுகிற சத்தம் நின்றது. பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.

சித்தப்பாவிடம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டான்: என்ன திட்டினாலும் திருப்பித் திட்டக் கூடாது. வாய்க்குப் பேர்போன பக்காரிக்கு இது உண்ணாவிரதத்தைவிடக் கஷ்டம். த்ராவோரே வீட்டுப் பெரியவர்கள் காலை முழுக்க அவரைப் பயறு, அடிமை, மூக்கறுத்த கழுதை என்று வரிசையாகத் திட்டினார்கள். பக்காரி பாயில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கிழவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, "அப்போ இது நிஜம்தானா?" என்று கேட்டார்.

கோலாவை வாங்கிக்கொண்டார்கள்; பெண் வேண்டாமென்றால் அது திரும்பி வந்துவிடும். பெண் யோசிக்க ஒரு வாரம் வேண்டுமாம் என்றார்கள். நல்ல வீட்டுப் பெண் அப்படித்தான் கேட்பாள் என்று சுமானா பூரித்துப்போனான். அந்த ஒரு வாரமும் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. வாரம் முடிந்ததும் சம்மதம் வந்தது. கல்யாணத்தில் மீன் வரிசைப் பெண்கள் நிஜமாகவே ஒரு மூட்டை தட்டப்பயறு கொண்டுவந்து மாப்பிள்ளை காலடியில் வைத்தார்கள்.

சிதான் நல்ல மனைவி. இன்றும் அவன் கூப்பிட்டால் பானைதான் கொதிக்கிறது, சிரித்துக்கொண்டேதான் எடுக்கிறாள். மீன் கழுவும்போது மட்டும் ஏதோ ஒரு மெட்டை முனகுவாள். எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதே என்று சுமானா நினைப்பான். மூக்கால் முனகுவதால் சரியாகப் பிடிபடாது.

முதல் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று, வந்தவர்கள் போன பிறகு மூன்றாவது சுற்றுத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே மசரான் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்க மாட்டியே? நீ கோனே, கோவிக்கவும் முடியாது. உனக்கு முன்னாடி இவளுக்கு ஒருத்தன் இருந்தான்."

சுமானாவின் கையில் கிளாஸ் சுட்டது.

"யாருன்னே தெரியாது. போன்லதான். அவன் கூப்பிட்டா ந்கோனி வாசிக்கும், அப்படி வாசிக்கும்! எடுடின்னா எடுக்க மாட்டா. 'எடுத்தா பாட்டு நின்னுடுமே அக்கா'ம்பா. 'அவன் குரல் இந்த அளவுக்கு நல்லா இல்லாட்டி என்ன பண்றது?'ம்பா. திடீர்னு ஒருநாள் நின்னுபோச்சு. பாவி, அப்புறம் கூப்பிடவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உன் கோலா வந்துச்சு. ஒரு வாரம் கேட்டாளே, எதுக்குன்னு நெனச்ச? போனைக் கூடை மூடி மேலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அந்த ஒரு வாரத்துல ந்கோனிக்காரன் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா, உன் கோலா திரும்பி வந்திருக்கும்."